பட்டிக்குக் காவல் நாய்: குட்டி எடுப்பதிலிருந்து தனியாக விடும் வரை

காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் செம்மறி வைத்திருப்பவர்களைக் கேட்டால் இப்போது பெரிய பகை நரி இல்லை, கூட்டம் சேர்ந்து வரும் தெருநாய்தான் என்பார்கள். கிளுவை வேலி போட்ட கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் நிலத்தில், ஆள் துணை இல்லாமலேயே ஆட்டை மேயவிடுவது அந்த ஊர்ப் பழக்கம். கிளுவை வேலி ஆட்டை உள்ளே நிறுத்தும், ஆனால் பசியோடு வரும் நாய் எந்தச் சந்திலாவது நுழைந்துவிடும். நாலைந்து நாய் சேர்ந்து உள்ளே வந்தால் தின்பது ஒன்றிரண்டைத்தான், மீதி கழுத்திலும் தொடையிலும் கிழிபட்டுக் கிடக்கும். பட்டிக்குள் அடைத்திருந்தால் இன்னும் மோசம், மிரண்டு ஒரே மூலையில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, கடியே படாத ஆடுகூட மூச்சு முட்டிச் செத்துப்போகும்.

இதற்காக நாய் வாங்குகிறவர்கள் நிறையப் பேர். வாங்கிய நாய் ராத்திரி வீட்டு வாசலில் போய்ப் படுத்துக்கொள்கிறது, இல்லையென்றால் அதுவே ஆட்டுக்குட்டியைத் துரத்துகிறது என்று சொல்பவர்களும் அதே அளவுக்கு இருக்கிறார்கள். நாய் இனத்தைப் பார்த்துப் பணம் கொடுத்தார்கள், குட்டி எங்கே யாரோடு வளர வேண்டும் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. பட்டிக்காவலில் முக்கால் பங்கு வேலை குட்டியின் முதல் நாலு மாதத்தில் முடிந்துவிடுகிறது. அந்த நாலு மாதத்தைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப் போகிறேன்.

எந்த நாய்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பார்டர் கோலி மாதிரி நாய்கள் ஆட்டை ஓட்டுவதற்கு, காவலுக்கு இல்லை. அவை ஆட்டை முறைத்துப் பார்த்துப் பதுங்கிப் பின்தொடர்வது வேட்டை குணத்தின் ஒரு துண்டு. நம் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் வேட்டைக்கு வளர்த்தவை. ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபுவளப் பணியகத்தில் பதிவு பெற்ற இனங்கள், நமக்குப் பெருமைதான். ஆனால் ஓடுவதைப் பார்த்தால் துரத்தத் தோன்றுவது அவற்றின் ரத்தத்தில் இருக்கிறது, துள்ளி ஓடும் குட்டிகளுக்கு நடுவில் அந்தக் குணம் வேண்டாம். தோட்ட வீட்டுக் காவலுக்கு அவை சரி. கோம்பை காவல் குணம் உள்ள நாய், நன்றாக வளர்த்தால் பட்டிக்கு வரும், ஆனால் ஆளைக் கண்டால் பாய்வது அதிகம் என்பதால் பொதுவழி ஒட்டிய காட்டில் யோசித்துத்தான் விட வேண்டும்.

என் அபிப்பிராயத்தில் முதல் தேர்வு, கிடை போடுகிறவர்களிடம் பிறந்த நாட்டுக்குட்டி. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஆட்டோடு ஊர் ஊராகப் போகும் கீதாரிகளிடம் தாய் நாய் ஆட்டுக்கு நடுவில் படுத்திருப்பதைக் கண்ணால் பார்க்கலாம். அந்தத் தாய் வேலை செய்கிறதா, ஆடு அதைக் கண்டு மிரளாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் குட்டி கேளுங்கள். எந்தச் சான்றிதழைவிடவும் இது மேல். வெளிநாட்டு நாய்களில் துருக்கியின் கங்கால், பிரான்ஸ் மலைப்பகுதியின் பெரிய வெள்ளை நாய், இத்தாலியின் மரெம்மா எல்லாம் நூற்றாண்டுகளாக இதே வேலை செய்பவை. வீடியோ பார்த்துவிட்டு அடர்ந்த ரோமம் உள்ள மலை நாயை வாங்கிவந்து சித்திரை வெயிலில் கட்டிப்போடாதீர்கள், அது பாவம். அந்த விலைக்குப் பட்டியைச் சுற்றி நல்ல கம்பிவலையே போட்டுவிடலாம்.

குட்டியை ஆட்டோடு ஒட்டவைப்பது

நாய்க்குட்டிக்கு மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினாறாவது வாரம் வரை ஒரு பருவம் இருக்கிறது. அப்போது கூட இருப்பவர்கள்தான் அதற்கு ஆயுசுக்கும் சொந்தக்காரர்கள். மனிதக் குழந்தைகளோடு கழித்தால் வீட்டு நாய், தெருநாய்களோடு கழித்தால் தெருநாய், ஆட்டோடு கழித்தால் ஆட்டு நாய்.

இது புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. 1833-இல் சார்லஸ் டார்வின் தென் அமெரிக்காவில் இன்றைய உருகுவே பக்கம் குதிரையில் போனபோது, ஆள் யாருமே இல்லாமல் ஒன்றிரண்டு நாய்கள் மட்டும் பெரிய ஆட்டு மந்தையைக் காப்பதைப் பார்த்துவிட்டு எப்படி என்று விசாரித்து எழுதியிருக்கிறார். குட்டியைச் சின்னதிலேயே தாயிடமிருந்து பிரிக்கிறார்கள், தினமும் மூன்று நாலு தடவை ஒரு ஆட்டைப் பிடித்துக் குட்டிக்குப் பால் குடிக்க விடுகிறார்கள், பட்டிக்குள் ஆட்டு ரோமத்தில் படுக்கை, மற்ற நாய்களோடும் வீட்டுக் குழந்தைகளோடும் விளையாட விடுவதே இல்லை, அப்புறம் காயடித்துவிடுகிறார்கள். அந்த நாய் தினமும் இறைச்சிக்காக வீட்டுக்கு வரும், வாங்கிக்கொண்டு வெட்கப்பட்ட மாதிரி நழுவி ஓடும், வீட்டு நாய்கள் அதை விரட்டிக்கொண்டே போகும். ஆனால் மந்தையை எட்டிய நிமிஷமே திரும்பி நின்று குரைக்கும், விரட்டி வந்த நாய்களெல்லாம் பின்வாங்கி ஓடிவிடும். இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். அதே நாய்தான், தன் கூட்டத்தோடு நிற்கும்போது தைரியமே வேறு.

நாம் ஆட்டுப்பால் கொடுக்கும் அளவுக்குப் போக வேண்டியதில்லை. குட்டி 7, 8 வாரம் வரை தாயோடு இருக்கட்டும், அதற்கு முன் பிரித்தால் கடிக்கும் பலத்தை அடக்கக் கற்றுக்கொள்ளாது. எட்டாவது வாரம் கொண்டுவந்ததும் நேராகப் பட்டிக்குத்தான் போக வேண்டும். ஒரு நாள் வீட்டில் இருக்கட்டுமே, குழந்தைகள் ஆசைப்படுகிறார்கள் என்றால் அந்த ஒரு நாள் ஒரு வாரமாகிவிடும், அப்புறம் ராத்திரி அது பட்டியில் இருந்துகொண்டு வீட்டைப் பார்த்து ஊளையிடும்.

பட்டிக்குள் ஒரு மூலையில் சின்னத் தடுப்பு ஒன்று கட்டுங்கள். குட்டி மட்டும் நுழைந்து வெளியே வரும் அளவுக்கு அடியில் சந்து விட வேண்டும், ஆடு நுழையக் கூடாது. தண்ணீர், சாப்பாடு, படுக்கை எல்லாம் அதற்குள்ளே. ஆடு முட்ட வந்தால் குட்டி ஓடி ஒளிய ஒரு இடம் இருக்க வேண்டும், இந்த வயதில் ஒரு முரட்டுக் கிடாயிடம் பலமாக அடிபட்டால் ஆட்டைக் கண்டாலே பயப்படும் நாயாகிவிடும். முதல் சில நாள் தடுப்புக்குள்ளேயே வைத்து ஆடு மோந்து பார்க்கட்டும். அப்புறம் பால் மறந்த ஆட்டுக்குட்டிகள் ஐந்தாறையும் சாதுவான பெட்டை ஆடு ஒன்றிரண்டையும் அதே பக்கம் பிரித்து அடையுங்கள். புதிதாக ஈன்ற ஆட்டைச் சேர்க்காதீர்கள், அது குட்டிக்காக நாயை முட்டித் தள்ளிவிடும். ஓலைக் குடாப்பில் குட்டிகளை அடைத்து வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் நாய்க்குட்டியையும் அதன் பக்கத்திலேயே படுக்க வைக்கலாம். கதகதப்புக்கு அதுவே போய் ஆட்டுக்குட்டியை ஒட்டிப் படுக்கும் நாள் வரும், அப்போது வேலை சரியான பாதையில் போகிறது என்று அர்த்தம்.

மனிதர் தொடவே கூடாது என்று சிலர் சொல்கிறார்கள், அது தப்பு. தொடாமல் வளர்த்த நாயைப் பிடித்து ஊசி போட முடியாது, காயம் பட்டால் மருந்து வைக்க முடியாது, அறுவடை நேரத்தில் வரும் கூலி ஆட்களைக் கடித்து வைக்கும். தினமும் சோறு வைக்கும்போது பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், காது, கால், வாய் எல்லாம் தொட்டுப் பாருங்கள், சங்கிலி போட்டுப் பட்டியைச் சுற்றி ஒரு நடை நடத்துங்கள். அவ்வளவு போதும். பந்து எறிவது, மடியில் வைத்துக் கொஞ்சுவது, பின்னால் ஓடவிட்டு விளையாடுவது வேண்டாம். கொஞ்சுவதாக இருந்தாலும் பட்டிக்குள் ஆட்டுக்கு நடுவில் வைத்தே கொஞ்சுங்கள்.

இரண்டு குட்டி ஒரே ஈத்தில் எடுத்தால் துணையாக இருக்குமே என்று தோன்றும். இரண்டும் ஒன்றோடு ஒன்று விளையாடி ஆட்டை மறந்துவிடும், ஆறாவது மாதம் சேர்ந்து ஆட்டுக்குட்டியைத் துரத்தப் பழகும். ஒரு குட்டியை எடுங்கள், அது தேறிய பிறகு இரண்டாவது. ஏற்கெனவே வேலை தெரிந்த பெரிய நாய் இருந்தால் அதைவிட நல்ல வாத்தியார் இல்லை.

சாப்பாட்டு விஷயத்தில் கவனம்

பட்டியிலேயே சாப்பாடு வைக்க வேண்டும், ஆனால் ஆடு எட்டாத இடத்தில். காரணம் இரண்டு. நாய் தன் தட்டைக் காக்க ஆட்டைக் கடிக்கக் கற்றுக்கொள்ளும் என்பது ஒன்று. இன்னொன்று, நாய்ச் சோறு ஆட்டுக்கு ஆகாது. அரிசிச் சோறு, சோளம், கம்பு மாதிரி தானியத்தை ஆடு ஒரேயடியாகத் தின்றால் வயிற்றில் அமிலம் ஏறி ஓரிரு நாளில் செத்துப்போகும், கல்யாண வீட்டு மிச்சச் சோற்றைத் தின்று ஆடு செத்த கதை எல்லா ஊரிலும் உண்டு. தடுப்புக்குள் சந்து விட்டது இதற்கும் உதவும்.

கூழோ களியோ சோறோ, அதோடு மோர், முட்டை, வாரத்தில் சில நாள் வேகவைத்த இறைச்சி. வளரும் நாய்க்கு வெறும் சோறு போதாது. பசியோடு விட்டால்தான் உஷாராக இருக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு, பசித்த நாய் பட்டியை விட்டு ஊருக்குள் தேடிப் போகும், அதுதான் நடக்கும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆடு அறுத்தால் ஈரல், நுரையீரல், தலை என்று பச்சையாக நாய்க்கு எறியாதீர்கள். ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் இருக்கும் நீர்க்கட்டியை நாய் தின்றால் அதன் குடலில் நாடாப்புழுவாகிறது, அதன் முட்டை நாயின் மலத்தோடு மேய்ச்சலில் விழுந்து திரும்ப ஆட்டுக்கும் போகும், மனிதருக்கும் வரும், நம் ஈரலில் கட்டி வந்து அறுவை சிகிச்சை வரை கொண்டுபோய் நிறுத்தும். இன்னொரு வகை நாடாப்புழு ஆட்டின் மூளையில் கட்டி வைக்கும், ஆடு தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்து விழுவது அதனால்தான். கழிவைக் கொடுப்பதாக இருந்தால் அரை மணி நேரத்துக்கு மேல் நன்றாகக் கொதிக்க வைத்துக் கொடுங்கள், செத்த ஆட்டை ஆழமாகப் புதையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது பிராசிகுவான்டல் உள்ள குடற்புழு மருந்து கொடுங்கள், அளவைக் கால்நடை மருத்துவர் நாயின் எடை பார்த்துச் சொல்வார்.

தடுப்பூசியில் சமரசம் கிடையாது. ஆறேழு வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்கான ஊசி தொடங்க வேண்டும், மூன்றாவது மாதம் வெறிநோய் ஊசி, மருத்துவர் சொல்லும் நாளில் அடுத்தது, அப்புறம் வருஷா வருஷம். தெருநாயோடு சண்டை போடுவதே இதன் வேலை, ஊசி போடாத காவல் நாய் வெறிநோயைப் பட்டிக்குள்ளேயே கொண்டுவந்துவிடும்.

ஆறாம் மாதம் முதல் ஒன்றரை வயது வரை

நிறையப் பேர் நாயைக் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான். உடம்பு பெரிதாகிவிட்டது, புத்தி இன்னும் விளையாட்டில் இருக்கிறது. ஆட்டின் காதைக் கடித்து இழுக்கும், வாலைப் பிடிக்கும், குட்டி ஓடினால் பின்னால் ஓடும். நாய்க்கு விளையாட்டு, குட்டிக்கு உயிர் போகும். இது குணக்கேடு இல்லை, வயசு. ஆனால் விட்டுவைத்தால் பழக்கமாகிவிடும்.

செய்யும் நேரத்தில் பிடிபட்டால் மட்டும் அதட்டுங்கள், பத்து நிமிஷம் கழித்து அடித்தால் எதற்கென்று அதற்குத் தெரியாது. சின்னக் குட்டிகளிடமிருந்து பிரித்து, முட்டத் தெரிந்த வளர்ந்த ஆடுகளோடு அடையுங்கள், இப்போது ஒரு முட்டு வாங்கினால் நல்லதுதான். மாட்டுக்குக் கட்டுவது போலக் கழுத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கட்டையைத் தொங்கவிட்டால் ஓட முடியாது, நடக்க முடியும், ஆள் கூட இருக்கும் பகல் நேரத்தில் இது பலன் தரும். ஆள் இல்லாதபோது தடுப்புக்குள் விட்டுவிடுங்கள். ஒன்றரை வயதிலிருந்து இரண்டு வயதுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும், அதுவரை ராத்திரி முழுக்க ஆட்டோடு தனியாக விடுவதில் அவசரம் வேண்டாம். அதற்குப் பிறகும் ஆட்டைக் கடிக்கும் நாய் என்றால் அது வேறு வேலைக்கான நாய், வீட்டுக் காவலுக்குக் கொடுத்துவிடுங்கள்.

முதல் ஈத்துக் காலத்தில் கூடவே இருந்து கவனியுங்கள். நஞ்சுக்கொடியைத் தின்பது சாதாரணம். ஈரமாகக் கிடக்கும் குட்டியை நக்கி இழுத்துக்கொண்டு போனாலோ, தாய் ஆடு குட்டியை நெருங்க முடியாமல் மறித்தாலோ சில நாள் பிரித்துக் கட்டுங்கள்.

காயடிப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். பெட்டை நாய் பருவத்துக்கு வந்தால் சுற்றியுள்ள ஊர் ஆண் நாய்கள் எல்லாம் உங்கள் பட்டி வாசலில் நிற்கும், எதைத் தடுக்க நாய் வளர்த்தோமோ அதை நாமே அழைப்பது போலாகும். காயடிக்காத ஆண் நாயும் வாசனை பிடித்து ராத்திரியில் கிளம்பிவிடும். எந்த வயதில் செய்யலாம் என்று மருத்துவரிடம் கேட்டுச் செய்துவிடுங்கள், காவல் குணம் இதனால் குறையாது.

தேறிய நாய் எப்படி இருக்கும் என்றால், ஆடு நகர்ந்தால் கூடவே நகரும், ஆட்டை நேராக முறைக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடுவில் படுக்கும், புது ஆளோ நாயோ வந்தால் ஆட்டுக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்று குரைக்கும். சண்டை போட வேண்டிய நாள் குறைவு, பெரும்பாலும் குரைப்பும் நின்று மறிப்பும்தான் வேலையை முடிக்கும். ஆப்பிரிக்காவில் நமீபியாவின் சீத்தா பாதுகாப்பு நிதியம் 1994 முதல் விவசாயிகளுக்கு அனடோலியக் காவல் நாய்க்குட்டிகளைக் கொடுத்துவருகிறது. நாய் நின்று குரைத்தால் சிவிங்கிப்புலி சண்டைக்கு நிற்காமல் விலகிவிடுகிறது, ஆடும் பிழைக்கிறது, ஆட்டுக்காரர் துப்பாக்கி எடுக்காததால் சிவிங்கிப்புலியும் பிழைக்கிறது.

நாய் மட்டும் போதாத இடங்கள்

தெருநாய்க் கூட்டம் ஆறேழாக வந்தால் ஒற்றை நாயால் நிற்க முடியாது, அதையே குதறிவிடும். அதனால் மேய்ச்சல் பரந்ததாக இருந்தால் இரண்டு நாய், கூடவே ராத்திரிக்கு ஆட்டைக் கம்பிவலைப் பட்டிக்குள் அடைப்பது. வலையின் அடிப்பக்கத்தை ஒரு அடி மண்ணில் புதைத்தோ கல் அடுக்கியோ விடுங்கள், நாய் தோண்டித்தான் நுழையும். விஷம் வைக்கும் யோசனையே வேண்டாம். சட்டப்படி குற்றம், முதலில் சாவதும் உங்கள் காவல் நாயாகத்தான் இருக்கும். 2023 விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகளின்படி தெருநாயைப் பிடித்துக் கருத்தடை செய்து தடுப்பூசி போடுவது உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு, கிராமசபையில் எழுதிக் கொடுத்து விடாமல் கேளுங்கள். கோழிக்கடைக் கழிவை ஊருக்கு வெளியே கொட்டுவதைத் தடுத்தாலே கூட்டம் பாதி கலைந்துவிடும்.

மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்கு விஷயமே வேறு. சிறுத்தைக்கு நாய் பிடித்த இரை. மகாராஷ்டிராவின் அகோலே பகுதியில் சிறுத்தை எச்சத்தை ஆராய்ந்தபோது அது அதிகம் தின்றிருந்தது நாயைத்தான். பட்டிக்கு வெளியே சங்கிலியில் கட்டிய நாய் அங்கே காவல் இல்லை, தீனி. இமாச்சலத்தில் கத்தி (Gaddi) என்ற இடையர் சமூகத்தார் தங்கள் நாய்க்கு முள் வைத்த இரும்புப் பட்டை போடுவது சிறுத்தை கழுத்தைத்தான் கவ்வும் என்பதால். நம் ஊரில் சத்தியமங்கலம், கூடலூர் மாதிரி இடங்களில் மேலே கூரையோ வலையோ மூடிய பட்டியில் ஆட்டையும் நாயையும் சேர்த்தே அடையுங்கள், நாய் சத்தம் கொடுத்து எழுப்பினால் போதும். சிறுத்தை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் பட்டியலில் உள்ள விலங்கு, கண்ணி வைப்பது ஜெயில் விஷயம்.

கழுதையைப் பற்றியும் கேட்பார்கள். நாய், நரி இனத்தைக் கண்டால் கழுதைக்கு ஆகாது, கத்தி, கடித்து, உதைத்து விரட்டும், டெக்சாஸிலும் தென் ஆப்பிரிக்கப் பகுதிகளிலும் இதற்காகவே மந்தையோடு விடுகிறார்கள். ஒரு மந்தைக்கு ஒன்றே ஒன்று, பெட்டையோ காயடித்ததோ. இரண்டு விட்டால் அவை தனியாகச் சேர்ந்துகொள்ளும், காயடிக்காத ஆண் ஆட்டுக்குட்டியை மிதித்துவிடும். மேய்ச்சலையே தின்றுகொள்வதால் தனிச் செலவு குறைவு. மொனென்சின் என்ற மருந்து கலந்த தீவனம் கழுதைக்கு விஷம் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். சிறுத்தைக்கு முன் கழுதையும் இரைதான், அதனால் சமவெளிக்கு மட்டும் இது. கோழிக்கு என்றால் கின்னிக்கோழி நாலைந்து வளர்க்கலாம், பருந்து, கீரி, பாம்பு எது வந்தாலும் ஊரையே கூட்டிவிடும், ஆனால் சண்டைக்கு வராது.

கடி விழுந்துவிட்டால்

காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவுங்கள், கையில் உறை போட்டுக்கொண்டு. உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள், கடிபட்ட ஆட்டுக்கும் வெறிநோய்க்கு எதிரான ஊசித் தொடர் உண்டு. கடிபட்டதைத் தனியாகக் கட்டுங்கள். செத்த ஆட்டை மருத்துவர் பார்ப்பதற்கு முன் புதைக்க வேண்டாம், கடித்த இடமும் காது வில்லையும் தெரிகிற மாதிரி படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலருக்கும் தகவல் சொல்லுங்கள், சிறுத்தை என்று சந்தேகம் இருந்தால் வனத்துறைக்கும். இழப்பீடு கேட்கும்போது இதெல்லாம் கையில் இருந்தால்தான் மனு நகரும்.

அப்புறம் அடுத்த நாய். இப்போதுள்ள நாய்க்கு ஐந்து ஆறு வயதாகும்போதே அடுத்த குட்டியைப் பட்டிக்குள் கொண்டுவந்துவிடுங்கள். அதற்குப் பல் தேய்ந்து கண் மங்கிய பிறகு குட்டி எடுத்தால் இடையில் ஒன்றரை வருஷம் பட்டிக்குக் காவல் இருக்காது.